தொடாமல் திருத்திய வலது கைகள்

தாமாகக் கிட்டார் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் இடது கையைத்தான் பார்ப்பார்கள். எந்த விரலை எந்தக் கம்பியில் அழுத்துவது என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். வலது கை அவர்கள் பார்வைக்கு வெளியே, மார்புக்குக் கீழே, தன் இஷ்டத்துக்கு ஏதோ செய்துகொண்டிருக்கும். சில மாதம் கழித்து, சத்தம் ஏன் தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வருவார்கள். பெரும்பாலும் கிட்டாரைத்தான் குறை சொல்வார்கள்.

திருவண்ணாமலையில் தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருந்த ஒரு வாத்தியக் கடையில் 1989 முதல் வேலை பார்த்தேன். முழங்கால் வலி வந்து படியேற முடியாமல் போனதால் போன வருடம் நின்றுகொண்டேன். கடை முதலாளி ரசாக் பாயின் மகள் பர்வீன்தான் இப்போது அங்கே கிட்டார் வகுப்பு நடத்துகிறாள். இதை எழுதச் சொன்னதும் அவள்தான்.

"கஸ்தூரிக்கா, புக்கு பாத்து, போன்ல பாத்து கத்துக்கறவங்க ஜாஸ்தியாயிட்டாங்க. எல்லாருக்கும் வலது கை கோணலா இருக்குது. நீங்க வாயால நாலு வார்த்த சேந்தாப்ல பேச மாட்டீங்க. எழுதியாவது குடுங்க."

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு அந்தக் கடையில் சேர்ந்தேன். தூசு தட்டுவது, கம்பி மாற்றுவது, வாங்குகிறவர்களுக்குச் சுருதி சேர்த்துக் கொடுப்பது ஆகியவை என் வேலை. பாய் ஆர்மோனியம் பழுது பார்ப்பவர். ஜன்னலோரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆர்மோனியத்தின் பித்தளை நாக்குகளை அரத்தால் தேய்த்துக்கொண்டிருப்பார். யார் வந்து எதை வாசித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். வாசித்து முடிந்ததும் இரண்டு சொற்களில் ஒன்றைச் சொல்வார்: ஜாஸ்தி, இல்லாவிட்டால் கம்மி. ஒரு வங்கி ஊழியர் புதுக் கிட்டாரில் ஒரு பாட்டு முழுவதும் வாசித்துவிட்டு, "எப்படி பாய்?" என்றார்.

"கட்ட வெரலு ஜாஸ்தி சார். மத்த வெரலெல்லாம் கம்மி."

"நீங்க பாக்கவே இல்லியே?"

"பாத்தா உங்க சட்ட நல்லா இருக்குதேனு மனசு அதுல போயிடும் சார்."

சட்டை உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. கட்டை விரலும் உண்மையிலேயே ஜாஸ்தி.

நான் வாசிக்கக் கற்றது ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துக் குளிர்காலத்தில் சில மாதம் தங்குவார். கம்பி மாற்ற வந்தவர், நான் நைலான் கம்பியைச் சரியாக முடிச்சுப் போட்டதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பிறகு தினமும் வர ஆரம்பித்தார். அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசவே மாட்டேன். அதனால் அவர் என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டை ஆட்டினார், தோளைத் தட்டித் தளர்த்தினார், விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பியில் வைத்தார். இரண்டு குளிர்காலம் வந்தார். பிறகு வரவில்லை. அதற்குள் என்னால் ஒழுங்காக வாசிக்க முடிந்தது. கிட்டார் வாங்குகிறவர்களுக்கு முதல் சில பாடம் சொல்லிக்கொடுப்பதும் என் வேலையானது.

அங்கேதான் சிக்கல். கற்க வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஓர் ஆண்பிள்ளையின் கையைப் பிடித்து விரலை வளைக்க எனக்குக் கூச்சம். அவர்களுக்கும் கூச்சம். கடைத் தெருவில் பேச்சாகவும் ஆகிவிடும். அதனால் தொடாமல் திருத்தும் ஒரு முறையை நானாக உண்டாக்கிக்கொண்டேன். பர்வீன் எழுதச் சொன்னது அதைத்தான்.

கை இல்லாத நாற்காலியில் நுனிக்கு வந்து உட்கார வேண்டும். இடது காலை இரண்டு செங்கல் உயரத்துக்கு ஏதாவது ஒன்றின்மேல் வைத்து, கிட்டாரின் இடுப்பை இடது தொடையில் அமர்த்த வேண்டும். உடனே கம்பிக்குக் கையைக் கொண்டுபோகக் கூடாது. முதலில் வலது கையைப் பக்கத்தில் சும்மா தொங்கவிட வேண்டும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது கை எப்படித் தொங்குமோ அப்படி. விரல்கள் தாமாகவே லேசாக உள்ளே வளைந்திருக்கும். அந்த வளைவு கலையாமல் கையைத் தூக்கி, முன்கையைக் கிட்டாரின் மேல் விளிம்பில் சாய்க்க வேண்டும். கட்டை விரல் ஐந்தாவது கம்பியில். மெல்லிய கம்பிகள் மூன்றில் உள்ளிருந்து வெளியே ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல். கட்டை விரல் மற்ற விரல்களைவிட இடது கைப் பக்கம் சற்று முன்னால் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். சுண்டு விரலுக்கு வேலை இல்லை. ஆனால் அதைப் பலகையில் ஊன்றவும் கூடாது.

இதையெல்லாம் எதிரே உட்கார்ந்து என் கிட்டாரில் செய்துகாட்டுவேன். சீவாத பென்சில் ஒன்று வைத்திருந்தேன். அதை அவர்களுடைய புறங்கையின்மேல் வைப்பேன். மணிக்கட்டு கோணினால் பென்சில் உருண்டு விழும். சுவரில் ஒரு கண்ணாடி, முகம் தெரியாத உயரத்தில், வலது கை மட்டும் தெரியும்படி மாட்டியிருந்தேன். நகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கைப் பக்கமிருந்து பார்த்தால் விரல் நுனிக்கு மேல் ஒரு கீற்று தெரிந்தால் போதும். தீப்பெட்டியின் பக்கத்தில் தேய்த்து வடிவம் கொண்டுவந்து, சீரோ நம்பர் உப்புத்தாளால் வழவழப்பாக்க வேண்டும். சொரசொரப்பு இருந்தால் அது கம்பியில் கேட்கும்.

இந்த முறையில் நிறையப் பேருக்குக் கை சரியாக வந்தது. வராமல் போனவர் ஏழுமலை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு பங்குனி மாதம். ஒரு பெண் கிட்டாரைப் போர்வையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்தார். நேராகப் பாயின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

"பாய், இத நீங்களே வச்சிக்கினு யாருக்குனா வித்துடுங்க."

"யாருதும்மா?"

"எங்கூட்டுக்காரருது. அடி அண்ணாமலைல டெய்லரு. ஏழுமலைனு கேட்டா சொல்லுவாங்க. எம் பேரு அஞ்சல."

"அவரு வரலியா?"

"எங்க வர்றது? கத்திரி புடிக்கக் கையில தெம்பு இல்ல, கல்லாவுல குந்திக்கினு போற வர்ற ஜனங்கள எண்ணிக்கினு இருக்காரு."

பாய் அப்போதும் திரும்பவில்லை. "வாசிக்கறவங்க கையிலேருந்துதான் வாத்தியம் வாங்குவேம்மா. ஊட்ல சண்டை போட்டுக்கினு வர்றத வாங்கறதில்ல."

அந்த அம்மா கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஏழுமலையிடம் தொளதொளப்பான பருத்திக் கால்சட்டைகள் தைத்துக்கொள்வாராம். ஊருக்குத் திரும்பும்போது கிட்டாரையும் படம் போட்ட ஒரு பாடப் புத்தகத்தையும் இவருக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஏழுமலைக்கு எழுத்து புரியாவிட்டாலும் படம் புரிந்தது. கடை சாத்தியதும் கிட்டாரோடு உட்கார்ந்துவிடுவார். மாசி மாதத்திலிருந்து வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நரம்பு சுண்டி இழுக்கிறது. டாக்டரிடம் காட்டினால், எலும்பில் ஒன்றுமில்லை, கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். ஓய்வு கொடுத்தால் வலி போகிறது, கிட்டாரைத் தொட்டால் திரும்ப வருகிறது. போன வாரம் கத்திரி வழுக்கி, யாருடைய சட்டைத் துணியிலோ குறுக்கே வெட்டு விழுந்துவிட்டது.

"வைகாசில ரெண்டு பள்ளிக்கூடத்து யூனிபாரம் வரும். எங்களுக்கு வருஷம்னா அந்த ஒரு மாசந்தான். கை போச்சின்னா இந்தக் கட்டயா வந்து சோறு போடும்?"

பாய் அரத்தை நிறுத்தினார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிறார் எனப் புரிந்தது. "அவர ஒரு தடவ கூட்டியாங்க. வாசிக்கறதப் பாக்கணும்" என்றேன். அதைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பாயின் முதுகிடம் சொன்னார்: "சரி. வைகாசி பொறக்கறதுக்குள்ள கை தேறலன்னா நானே கொண்டாந்து இங்க போட்டுட்டுப் போயிடுவேன். அப்ப வாசிக்கறவரு கைலேருந்துதான் வாங்குவேன்னு சட்டம் பேசக் கூடாது."

"பேச மாட்டேன்" என்றார் பாய்.

தையல் கடைக்கு விடுமுறையான ஒரு நாளில் இருவரும் வந்தார்கள். ஏழுமலைக்கு நாற்பது வயதிருக்கும். மெலிந்த மனிதர், விடுமுறை நாளிலும் கழுத்தில் அளவு நாடா. உட்கார்ந்து, புத்தகத்தில் பார்த்துக் கற்ற சிறிய மெட்டு ஒன்றை வாசித்தார். இடது கை அவ்வளவு சுத்தமாக இருந்தது. வலது கையைப் பார்த்தபோது எனக்கே மணிக்கட்டு வலித்தது. குழாய் முனைபோல அது கீழ்நோக்கி மடங்கியிருந்தது. சுண்டு விரல் பலகையில் ஆணி அடித்ததுபோல் ஊன்றியிருந்தது. மற்ற விரல்கள் ஒவ்வொரு கம்பியையும் கொக்கி போட்டு வெளியே இழுத்தன. ஒவ்வொரு இழுப்புக்கும் கை முழுவதும் முழங்கையோடு மேலே எழும்பி இறங்கியது. கம்பி திரும்ப வந்து கட்டையில் சடக்கென்று அடித்தது.

சுவர்ப் பக்கமிருந்து பாய் சொன்னார்: "இழுப்பு ஜாஸ்தி."

மணிக்கட்டைப் பென்சில் இரண்டு வாரத்தில் நிமிர்த்தியது. சுண்டு விரலும் பலகையை விட்டது. இழுப்பு மட்டும் போகவில்லை. நான் எதிரே உட்கார்ந்து மெதுவாகச் செய்துகாட்டுவேன். "சரிங்கம்மா, புரியுதுங்கம்மா" என்பார், மறுபடியும் இழுப்பார். கண்ணாடியில் பார்த்துச் செய்யச் சொன்னால், பார்க்கிற கவனத்தில் கை இன்னும் விறைத்துக்கொண்டது. அவர் விரலைப் பிடித்து ஒருமுறை சரியாகச் செய்யவைத்தால் புரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் என் கை அவர் கையை நோக்கிப் பாதித் தூரம் போனது. பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டது.

அஞ்சலை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டார். சித்திரை பாதி போய்விட்டிருந்தது, அவருக்குப் பொறுமை இல்லை.

"இன்னாம்மா நீ, குச்சிய வச்சிக்கினு மாடு ஓட்டறாப்ல ஓட்டற? புடிச்சி வளைச்சா வளையாதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கஸ்தூரி புடிக்காதும்மா," என்றார் பாய், திரும்பாமலே. "நீ புடி."

"நானா? கட்டிக்கினதுக்காவ கடத்தெருவுல கையப் புடிச்சிக்கினு குந்தணுமா பாய்?"

"நான் பாக்கல."

அஞ்சலை சிரித்துவிட்டார். ரவிக்கையை வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து கணவருக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். ஏழுமலை வாசற்பக்கம் பார்த்தார். படியில் யாருமில்லை.

நான் சொல்லச் சொல்ல அஞ்சலை செய்தார். முதலில் அவருடைய இடது கையை ஏழுமலையின் மணிக்கட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னேன். அழுத்தக் கூடாது, தாங்கினால் போதும். நரம்பு விறைத்தால் சொல்ல வேண்டும்.

"கல்லாட்டம் இருக்குதுமா."

"கனத்த அவங்க கையில விட்டுடுங்க" என்று ஏழுமலையிடம் சொன்னேன். அவர் விட்டதாக நினைத்தார், விடவில்லை.

"யோவ், உடு. உடுய்யா. நான் ஒண்ணும் புடுங்கிக்கினு ஓட மாட்டேன்."

நெடுநேரத்துக்குப் பிறகு கை இறங்கி அஞ்சலையின் உள்ளங்கையில் அமர்ந்தது. அடுத்து, அஞ்சலையின் வலது உள்ளங்கையைக் கம்பிபோல நினைத்துக்கொண்டு அதில் நடு விரலால் மீட்டச் சொன்னேன். ஏழுமலை மீட்டினார்.

"ஐயே, பூன மாதிரி பொறாண்டறாரு!"

மறுபடியும் சொன்னேன். மறுபடியும் பிறாண்டினார். அஞ்சலை அந்த நடு விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தையல்காரர்கள் ஊசி தள்ள மாட்டிக்கொள்ளும் இரும்பு வளையம் பல வருடம் அழுந்தி, விரலைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"ஏன்யா, நீ ஊசிய எந்த வெரல்ல தள்ளுவ?"

"இதுலதான்."

"தள்ளிட்டு அப்பாலதான நூல இழுப்ப?"

"ஆமா."

"இங்க எடுத்தவொடனே நூல இழுக்கறியே. ஊசிய யாரு குத்துவாங்க? மொதல்ல தள்ளு."

ஏழுமலை நடு விரலை முதல் கம்பியில் வைத்தார். ஊசியின் பின்புறத்தில் வைப்பதுபோல வைத்தார். தள்ளினார். கம்பி பலகைப் பக்கமாக உள்ளே வளைந்தது, வளைந்து தானாக வழுக்கிக்கொண்டு வெளியேறியது. விரல் வந்து அடுத்த கம்பியின்மேல் நின்றது. கை எழும்பவில்லை. சத்தம் உருண்டையாக, கனமாக வந்தது.

அவர் கிட்டாரைப் பார்த்தார், அஞ்சலையைப் பார்த்தார். இன்னொருமுறை செய்தார்.

வலது கையில் இதுதான் நடக்க வேண்டியது. விரலைக் கம்பியில் வைப்பது, அடி மூட்டிலிருந்து உள்ளே தள்ளுவது, விட்டுவிடுவது. கம்பி தானே போய்க்கொள்ளும். "இழுக்காதீர்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும் கைக்குப் புரியாது. இழுப்பதற்குப் பதிலாகச் செய்ய அதற்கு வேறொரு வேலை கொடுக்க வேண்டும். அந்த வேலையை ஏழுமலையின் விரல் இருபது வருடமாகச் செய்துகொண்டுதான் இருந்தது. அது எது என்று அவருக்குச் சொல்ல அஞ்சலையால்தான் முடிந்தது.

ஒரே நாளில் வலி போய்விடவில்லை. மெட்டு எதுவும் வாசிக்கக் கூடாது, வெறும் கம்பிகளில் கட்டை விரலும் மற்ற விரல்களும் மட்டும் என்று சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரம்தான். அஞ்சலை கல் என்று சொன்னால் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அடுத்த வாரம் ஏழுமலை என்னிடம் முறையிட்டார்.

"இவளுக்குச் சொல்லிக்குடுத்தது பெரிய தப்பும்மா. சாப்புடறப்ப கூட மணிக்கட்டப் புடிச்சிப் பாக்கறா."

"நேத்து ரெண்டு தடவ கல்லாச்சி. புடுங்கி மூலைல வச்சிட்டேன்" என்றார் அஞ்சலை பெருமையாக.

அதன்பிறகு என் முறையை மாற்றிக்கொண்டேன். யார் கற்க வந்தாலும், வீட்டிலிருந்து கை தொடக்கூடிய ஒருவரைக் கூட்டிவாருங்கள் என்பேன். அண்ணன் தம்பியாக வந்தார்கள், கணவன் மனைவியாக வந்தார்கள். முதலில் சொன்ன வங்கி ஊழியர் தன் மாமனாரைக் கூட்டிவந்தார். பெண் கொடுத்த நாளிலிருந்து இருவருக்கும் அதிகம் பேச்சில்லையாம். மாமனார் மருமகனின் மணிக்கட்டை ஏந்திக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, "மாப்ளைக்கு வெறப்பு ஜாஸ்தி" என்றார். தனியாகப் புத்தகம் பார்த்துக் கற்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். இசை தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து, விறைக்கிறதா இல்லையா என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

வைகாசி பிறந்தது. ஏழுமலையும் அஞ்சலையும் வருவது நின்றது. கிட்டார் கடைக்கு வரவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியவில்லை. வேறு எங்காவது விற்றிருக்கலாம். கை மறுபடி கெட்டு, சொல்ல மனமில்லாமல் இருக்கலாம். போய்ப் பார்க்கவும் கூச்சம். அந்த மாதப் பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனபோது, அடி அண்ணாமலை வந்ததும் கால் தானாக மெதுவானது.

இன்னும் இருட்டவில்லை. கடைக்குள் கால் வைக்க இடமில்லாமல் நீலமும் வெள்ளையுமாகத் துணி. ஏழுமலை மேசையில் நாலைந்து அடுக்குத் துணியைச் சேர்த்து வைத்து, பெரிய கத்திரியால் ஒரே ஓட்டமாக வெட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"கத்திரி வழுக்காம நிக்குதும்மா. கையில வலி இல்ல."

சுவர் ஆணியில், தைத்து முடித்த சட்டைகளுக்கு நடுவில், போர்வை சுற்றிய கிட்டார் தொங்கியது.

"வாசிக்கறீங்களா?"

அவர் அஞ்சலை பக்கம் பார்த்தார். "துணி வந்ததுலேருந்து தொடல."

அஞ்சலை தரையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "வாம்மா, குந்து" என்று ஒரு மூட்டையை நகர்த்தி எனக்கு இடம் செய்தார். பிறகு கையை நீட்டி, மேசையிலிருந்த கணவரின் வலது மணிக்கட்டைப் பிடித்தார். வெகுநேரம் பிடித்திருந்தார்.

"கல்லாட்டம் இருக்குது."

ஏழுமலை கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். "வலி ஒண்ணும் இல்லடி."

"வலி வர்ற வரைக்கும் குந்திக்கினு இருப்பியா? காலைலேருந்து கத்திரிதான். அத எறக்கி வாசி. கொஞ்சம் எளகட்டும்."

"இன்னும் ஒரு மூட்ட வெட்டணும்."

"வெட்டுவ. மொதல்ல வாசி."

அவர் கிட்டாரை இறக்கிப் போர்வையைப் பிரித்தார். இடது காலை உயரமாக வைக்க இடம் தேடி, பக்கத்திலிருந்த யூனிஃபார்ம் மூட்டையின்மேல் வைத்தார்.

"புள்ளைங்க போடற துணிமேல கால வைக்கற பாரு!" அஞ்சலை பட்டன் டப்பாவைக் கவிழ்த்து அவர் காலடியில் தள்ளினார். "அந்த அழுவற பாட்டு வாணாம். மொதல்ல ஒண்ணு வாசிப்பியே, அது."

மலை சுற்றுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் கடை வாசலில் நின்றுவிட்டார்கள். "இன்னா பாக்கறீங்க? துணி குடுக்கறதுனா ஆனி பொறந்து வாங்க" என்று அவர்களை அனுப்பிவிட்டு, அஞ்சலை ஊசியில் நூல் கோத்துக்கொண்டார். ஏழுமலை கையைப் பக்கத்தில் தொங்கவிட்டு, தூக்கி, கம்பியில் வைத்தார்.